கெஸ்துர் என்றாலும் திரும்பிப் பார்ப்பவன்

எங்கள் ஊர் நீச்சல்குளத்தின் நுழைவுச் சீட்டு மேசையில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் யார் யாருடைய மகன், யார் யாருடைய மகள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் பாதிரியார் மட்டும்தான். அவரும் சமயத்தில் என்னைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்வார். அந்த உரிமையில் சொல்கிறேன்: டோர்ஃபி என்ற மனிதனுக்கு இங்கே இரண்டு பெயர். பனி தள்ளும் வண்டியில் உட்கார்ந்திருந்தால் அவன் டோர்ஃபி. இறங்கி வந்து வளர்ப்பு மகள் ஹுக்ரூன் பக்கத்தில் நின்றால் கெஸ்துர். அந்த இரண்டாவது பெயர் அவனுடையது இல்லை. அவன் தலையில் அதைக் கட்டிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

டோர்ஃபி மேற்குக் கடற்கரைக்காரன். மலையைக் குடைந்து எங்களுக்குச் சுரங்கப்பாதை போட வந்த கூட்டத்தில் ஒருவனாக வந்தான். பாதை முடிந்ததும் மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள், இவன் தங்கிவிட்டான். நகராட்சி அவனுக்குப் பனி வண்டியைக் கொடுத்தது. மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்தீஸ் அவனுக்கு வீட்டில் இடம் கொடுத்தாள். அவளுக்கு அப்போது நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, ஹுக்ரூன். டோர்ஃபி ஒரு நாள் முழுக்கப் பேசுவதைச் சேர்த்துவைத்தால் ஒரு கோப்பைக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆஸ்தீஸ் அதற்கும் சேர்த்துப் பேசுவாள், ஆகவே அந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை.

குழந்தையின் அப்பா பெயர்தான் கெஸ்துர். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வதோடு சரி. ஆகவே குழந்தையின் முழுப் பெயர் ஹுக்ரூன், கெஸ்துரின் மகள். கெஸ்துர் என்றால் எங்கள் மொழியில் விருந்தாளி. ஆண்களுக்கு வைக்கிற பெயர்தான், யாரும் அதன் பொருளை நினைப்பதில்லை, ஆஸ்தீஸைத் தவிர.

"பேரு வச்சவங்க தெரிஞ்சேதான் வச்சிருக்காங்க. விருந்தாளின்னாங்க. வந்தான், சாப்பிட்டான், கெளம்பிட்டான்" என்பாள்.

அவன் மீன்பிடிக் கப்பலில் வந்தவன். இரண்டு வருடம் அவளோடு இருந்தான், பிறகு நார்வேக்குப் போனான். கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு மகளுக்கு ஷூ அனுப்புவான். அது ஜனவரியில் வரும், ஒரு அளவு சின்னதாக இருக்கும். அவன் நினைப்பில் அந்தக் குழந்தை வளரவே இல்லை.

ஹுக்ரூனுக்கு ஆறு வயது ஆனபோது பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு தொடங்கியது. முதல் நாள் டோர்ஃபிதான் கூட்டிக்கொண்டு வந்தான். ஆசிரியர் ஊருக்குப் புதியவர். கையில் பட்டியலோடு கூடத்துக்கு வந்து, "ஹுக்ரூன், கெஸ்துரோட மக. நீங்கதானே கெஸ்துர்?" என்று கேட்டார்.

டோர்ஃபி நேர்மையானவன் ஆயிற்றே. "இல்ல, நான் இவளோட அப்பா இல்ல. இவ அம்மாகூட இருக்கேன்" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? "அப்ப உங்கப்பா எங்க?" என்றது ஒன்று. "அவளுக்கு அப்பாவே கெடையாது" என்றது இன்னொன்று. ஹுக்ரூன் கையில் மாட்டியிருந்த மிதவைகளைக் கழற்றித் தரையில் வைத்தாள். உடை மாற்றும் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அன்று தண்ணீரில் இறங்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை.

மூன்றாம் வாரம் டோர்ஃபி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். "நான் என்ன சொல்லியிருக்கணும், பௌரா?" என்றான்.

அன்றைக்குப் பெண்கள் பக்கக் குளியல் குழாய்களில் வெந்நீர் வராமல் ஊரே என் மேல் விழுந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. எரிச்சலில், "ஆமான்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றேன்.

"அது பொய்யில்லையா?"

"தலைய ஆட்டுறது எப்படிடா பொய்யாகும்? தள்ளி நில்லு, ஆள் வருது."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நாலாம் வாரம் ஆசிரியர் மறதியில் மறுபடியும், "வாங்க கெஸ்துர்" என்றார். டோர்ஃபி தலையை ஆட்டினான். குழந்தை அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தது. பிறகு நேரே போய்த் தண்ணீரில் இறங்கியது.

அன்று வீட்டுக்குப் போகும்போது வண்டியில் கேட்டாளாம்: "நீ ஏன் கெஸ்துர்ன்னு சொன்ன?"

"சொல்லக்கூடாதா?"

கொஞ்ச நேரம் யோசித்து, "சொல்லலாம்" என்றாளாம்.

அதோடு அவன் திருத்துவதை விட்டுவிட்டான். பல் மருத்துவரிடம் கெஸ்துர். இசைப் பள்ளியில் கெஸ்துர். கைப்பந்துப் பயிற்சியாளருக்கு கெஸ்துர். ரொட்டிக்கடையில் பிறந்தநாள் கேக்குப் பெட்டியின் மேல் கெஸ்துர். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற அனுமதிச் சீட்டுகளில் எல்லாம் அப்பா கையெழுத்து என்ற இடத்தில் கெஸ்துர் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். ஒரு வருடம் பெற்றோர் சங்கத்துக்குப் பொருளாளராகக்கூட கெஸ்துரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த நாங்கள் இருபது முப்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே தவிர, ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் இதில் குறை சொல்ல முடியாது.

ஒரு தடவை கைப்பந்து ஆட்டத்தில் நான் பின் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் டோர்ஃபி, அவன் பக்கத்தில் ஒரு பெண்ணின் அம்மா. அந்த அம்மா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நகராட்சில டோர்ஃபின்னு ஒருத்தன் இருக்கானாமே, கெஸ்துர், உங்களுக்குத் தெரியுமா? காலைல என் காருக்கு முன்னாடி மலை மாதிரி பனியைக் கொட்டிட்டுப் போயிட்டான். பாழாப்போனவன்!"

டோர்ஃபி ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும். அவன் கொஞ்சம் மந்தம்" என்றான்.

"யாராச்சும் அவன்கிட்ட சொல்ல வேணாமா?"

"நான் சொல்றேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கார் முன்னால் ஒரு பொட்டுப் பனி இல்லை. அடுத்த ஆட்டத்தில் அவள் கெஸ்துருக்குக் கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் சொன்னால் ஊரில் எடுபடுகிறதாம்!

ஆஸ்தீஸுக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. "உனக்கு ரோஷமே கெடையாதா? ஓடிப்போனவன் பேரைச் சுமந்துகிட்டு அலையறியே" என்று அவனிடம் கத்துவாள்.

"பேர்தானே" என்பான் டோர்ஃபி.

அவன் வேறு என்னென்ன செய்தான் என்று பட்டியல் போட்டால் அவனுக்கே கூச்சமாக இருக்கும். கயிறு முறுக்கிப் பழகிய கையால் பின்னல் போடக் கற்றுக்கொண்டான். ஹுக்ரூனின் சடை அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை. அவளுடைய ஈரக் கையுறைகளை வண்டியின் வெப்பக் காற்றில் காயவைத்து, பள்ளி மணி அடிப்பதற்குள் கொண்டுபோய்க் கொடுப்பான். அவளுக்குப் பதினாலு வயதில் எல்லோர் மேலும் கோபம் வந்தது. அப்போது அவள் அறைக் கதவுக்கு வெளியே புகைபோட்ட ஆட்டிறைச்சி வைத்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, தட்டாமல், கூப்பிடாமல் போவான். தட்டு காலியாகத் திரும்பி வரும். ஒரு வருடம் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை அந்தத் தட்டு மட்டும்தான். இதையெல்லாம் பெரிய காரியம் என்று நாங்கள் அப்போது நினைக்கவில்லை. எனக்கு வாய்த்த அப்பாவை நினைத்துப் பார்க்கும்போதுதான் பெரிய காரியமாகத் தெரிகிறது. நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், சொல்வதில் வெட்கம் இல்லை.

ஹுக்ரூனுக்குப் பத்தொன்பது ஆனது. மே மாதக் கடைசியில் மேல்நிலைப் படிப்பு முடிந்து வெள்ளைத் தொப்பி போடும் விழா. ஏப்ரலில் ஒரு நாள் அவள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். பெயர் மாற்றப் படிவம். கெஸ்துரின் மகள் என்பதை அடித்து டோர்ஃபியின் மகள் என்று ஆக்கிக்கொள்ள வேண்டும். வளர்ப்புத் தந்தை சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும்.

"பதிமூணு வருஷமா எனக்காக நீ உன் பேரை விட்டுட்டு நின்ன. இனிமே வேணாம். நான் உன் பேரை வச்சுக்கறேன்" என்றாள். இதை ஆஸ்தீஸ் என்னிடம் சொன்னபோது அழுதுவிட்டாள்.

டோர்ஃபி அந்தத் தாளை இரண்டு தரம் படித்தான். நாலாக மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தான். "வேணாம்" என்றான்.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம், கண்ணு."

அவள் முகம் வெளுத்துப் போயிற்றாம். "சரி, புரிஞ்சுது. கூப்பிட்டா தலைய ஆட்டுறது வேற, எழுதிக் குடுக்கறது வேற. இல்ல?" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். அன்றிலிருந்து அவன் வண்டியில் ஏறவில்லை, பேருந்தில் போனாள். கதவுக்கு வெளியே வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. இலையுதிர் காலத்தில் தலைநகருக்குப் படிக்கப் போவதாக இருந்தவள், விழா முடிந்த மறுநாளே போகிறேன் என்று பேருந்துச் சீட்டும் வாங்கிவிட்டாள். அப்படிப் போனால் அவள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோகிற பெண்ணாகிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த வீட்டுக்கு அவளும் விருந்தாளியாகிவிடுவாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலை முடிந்து, குளத்தை ஒட்டி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் இறங்கியபோது டோர்ஃபி அங்கே கழுத்தளவு தண்ணீரில் தனியாக உட்கார்ந்திருந்தான். சரியாக மாட்டினான் என்று பிடித்துக்கொண்டேன்.

"உன் மூளை பனியில ஒறைஞ்சு போச்சா? பெத்த புள்ளைகூட இப்படிக் கேக்காது. கேட்டவள மூஞ்சில அடிச்சு அனுப்பிட்டியே!"

அவன் தண்ணீரை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டான். பிறகு, வாழ்நாளில் அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினான்.

"கெஸ்துர் விழாவுக்கு வர்றானாம், பௌரா. நார்வேலேருந்து எனக்கு எழுதியிருக்கான். அவளுக்கு அவன் குடுத்தது அந்தப் பேர் ஒண்ணுதான். ஷூகூட கால்ல ஏறல. அதையும் நான் எடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா அவன் வாசலோட திரும்பிடுவான். சின்ன வயசுல தெனமும் சாயங்காலம் ஜன்னல்ல மூக்க ஒட்டிக்கிட்டு அவ ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பா. நான் வண்டில வரும்போது பாப்பேன். எவ்வளவு நாள் அவனுக்காக நின்னிருக்கா. ஒரே ஒரு தடவ அவன் வந்துட்டுப் போகட்டும்."

"இத அவகிட்ட சொல்லித் தொலையேன்!"

"சொன்னா, அவன் வரவே வேணாம்னு சொல்லிடுவா. வாய் அப்படித்தான் சொல்லும். நீயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன்.

விழாவுக்கு நான் போயிருந்தேன். கெஸ்துர் வந்திருந்தான். மெலிந்து, முடி நரைத்து, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்னப் பெட்டியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். "ஹுக்ரூன், கெஸ்துரின் மகள்" என்று மேடையில் வாசித்தபோது இரண்டு ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் காப்பியும் கேக்கும். ஆஸ்தீஸ், டோர்ஃபி, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஹுக்ரூன், இரண்டடி தள்ளி கெஸ்துர், பக்கத்தில் நான். அப்போது பள்ளி முதல்வர் அம்மாள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். கெஸ்துரைத் தாண்டி நேராக டோர்ஃபியிடம் வந்தார்.

"கெஸ்துர்! உங்க கையப் பிடிச்சு வாழ்த்துச் சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தேன். இப்படி ஒரு அப்பாவ என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. அன்னிக்குப் புயல்ல ரோடெல்லாம் மூடியிருந்தப்ப பெற்றோர் கூட்டத்துக்கு நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. எப்படி வந்தீங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல!"

அவன் பனி வண்டியில் போனான், வேறெப்படிப் போவான்? டோர்ஃபியின் கழுத்து சிவந்துவிட்டது. தலையை ஆட்டவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. ஆஸ்தீஸ் தரையைப் பார்த்தாள். முதல்வர் அம்மாள் சிரித்த முகத்தோடு பக்கத்தில் நின்ற புது ஆள் பக்கம் திரும்பினார். "நீங்க?" என்று கேட்டார்.

அவன் டோர்ஃபியைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். "நான் கெஸ்துர்" என்றான், மெதுவாக.

"நான் விருந்தாளி" என்று சொல்வதற்கும் எங்கள் மொழியில் அதே சொற்கள்தான். அவன் உண்மையைத்தான் சொன்னான். முதல்வர் அம்மாள் அதை விருந்தாளி என்றே எடுத்துக்கொண்டார். "விருந்தாளிங்களுக்கும் கேக் இருக்கு, கூச்சப்படாம எடுத்துக்குங்க" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனார்.

கெஸ்துர் பெயர் சொல்லித் திருத்தவில்லை. திருத்தியிருக்கலாம், உரிமை இருந்தது. அந்த ஒரு காரியத்துக்காக நான் அவனை மன்னித்துவிட்டேன், ஷூவைத் தவிர.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவன் ஹுக்ரூனோடு வந்து டோர்ஃபியை நிறுத்தினான். "மார்ச் மாசமே இவ எனக்கு எழுதிட்டா. பேரை மாத்திக்கப் போறேன், கோச்சுக்காதீங்கன்னு. தெரிஞ்சுதான் வந்தேன். நீ கையெழுத்துப் போடலன்னு இப்பதான் சொல்றா. ஏன்?"

டோர்ஃபி வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சத்தியம் செய்திருந்தேன்தான். தொட்டியில் செய்த சத்தியம், தண்ணீரோடு போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை டப்பாவிலிருந்து ஜன்னல் வரைக்கும் எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் கொட்டிவிட்டேன்.

ஹுக்ரூன் கடைசிவரை கேட்டாள். பிறகு டோர்ஃபிக்கு நேரே போய் நின்றாள்.

"ஜன்னல்ல நான் இவருக்காக நின்னேன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இவர் மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல. மலை திரும்பி உன் வண்டியோட மஞ்ச வெளக்கு தெரியுதான்னு பாத்துக்கிட்டு நிப்பேன். தெரிஞ்சதும் போயி உன் காப்பிக் கோப்பைய எடுத்து வைப்பேன். ஒவ்வொரு நாளும் வச்சிருந்தேனே! யாரு வச்சான்னு நெனச்ச?"

"உங்கம்மான்னு நெனச்சேன்" என்றான் டோர்ஃபி. அவ்வளவு பெரிய மனிதன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கெஸ்துர் கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வலித்திருக்கும். வலிக்க வேண்டியதுதான்.

எல்லோரும் ஆஸ்தீஸ் வீட்டுக்குப் போனோம். சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்த தாளை எடுத்தோம், அதில் காப்பிக் கறை வட்டமாகப் பிடித்திருந்தது. டோர்ஃபி உட்கார்ந்து கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கையெழுத்துப் போட்டான். முதல் சாட்சி கெஸ்துர். அவன் தாளை வாங்கினான், பேனாவை எடுத்தான், அப்படியே நின்றுவிட்டான். பிறகு தன் பெயரைப் போட்டு என் பக்கம் நகர்த்தினான். இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் நானும் பார்த்தேன்.

வளர்ப்புத் தந்தை கையெழுத்து என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் கெஸ்துர் என்று இருந்தது. பதிமூன்று வருடப் பழக்கம். கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. அதற்குக் கீழே சாட்சி, அங்கேயும் கெஸ்துர்.

"இது செல்லாது. வேற படிவம் வாங்கணும்" என்றேன்.

டோர்ஃபி எட்டிப் பார்த்தான். "ஐயையோ" என்று எழுந்துவிட்டான். ஆஸ்தீஸ் சிரிக்க ஆரம்பித்தாள், அவளால் நிறுத்த முடியவில்லை. ஹுக்ரூன் தாளை என் கையிலிருந்து வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வேற வேணாம். எனக்கு இது செல்லும்" என்றாள்.

மறுநாள் பேருந்துக்கு அவள் போகவில்லை. இலையுதிர் காலத்தில் டோர்ஃபிதான் அவளைத் தலைநகருக்குக் கொண்டுபோய் விட்டான். கெஸ்துர் கொடுத்த பெட்டியில் இருந்தது கைக்கடிகாரம். அதற்கு அளவு பார்க்க வேண்டியதில்லை, அவள் அதைக் கட்டிக்கொள்கிறாள். அந்தத் தாள் தலைநகரில் அவள் அறைச் சுவரில் இருக்கிறதாம்.

பதிவேட்டில் அவள் இன்னும் கெஸ்துரின் மகள்தான். விடுமுறைக்கு வந்தால் குளத்துக்கு வருவாள். ஈரத் தலையோடு என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, வெந்நீர்த் தொட்டிப் பக்கம் பார்த்து, "கெஸ்துர், நேரமாச்சு, வா போலாம்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவாள். டோர்ஃபி எழுந்து வருவான்.